கிணற்றுப் பங்கோடு எழுதிக்கொடுத்த ஆக்கவுரிமை

காணி வழக்குகளில் வேலிக் கதியால் பிடுங்கின கதையும், எல்லைப் பனையில் ஆர் ஓலை வெட்டினது என்ற கதையும் கேட்டுக் காது புளித்துப்போய், "அக்கா, நான் ஆக்கவுரிமைப் பக்கம் வரப்போறன், அதிலை சத்தம் குறைவு" என்று போன மாதம் சட்டத் தொழிலுக்குப் புதிதாய் வந்த உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். பெயர் சொல்ல மாட்டேன். சத்தம் குறைவாம்! கண்டுபிடித்தவனுக்குச் சட்டப் பாதுகாப்பு எடுத்துக்கொடுக்கிற இந்த வேலையில் நான் கத்தின கத்துக்குக் காணி வழக்குகள் தாலாட்டு.

அதே ஆள் கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். தன்னுடைய கட்சிக்காரர் ஒருவரின் ஆக்கவுரிமைச் சான்றிதழ் அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறதாம். "ஆண்டுக் கட்டணம் கட்டியாச்சோ?" என்று கேட்டேன். "அது அவை கட்டுவினம்தானே அக்கா" என்றார். வந்த கோபத்துக்கு அந்த இடத்திலேயே இரண்டு போட்டிருப்பேன். வயது போனதால் விட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். வாசித்துவிட்டு ஒருவரும் எனக்குப் போன் எடுத்து "அருமை அக்கா" என்று சொல்ல வேண்டாம். போய் உங்கள் கட்சிக்காரரின் கட்டணத்தைக் கட்டுகிற வழியைப் பாருங்கள்.

நாங்கள் உறுதிப் பத்திரத்தை நம்புகிற சனம். காணிக்கு உறுதி முடித்து, அதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டுக் கனடா போய் முப்பது வருடம் இருந்தாலும் காணி அந்த இடத்தில்தான் கிடக்கும். பக்கத்து வளவுக்காரன் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டிருப்பான், அவ்வளவுதான். ஆக்கவுரிமை அப்படியில்லை. அது பட்டியில் கட்டின மாடு. வருடாவருடம் தீனி போட வேண்டும். போடாமல் "மாடு என்ரை" என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு நாள் செத்த மாடுதான் உங்களுடையதாக இருக்கும். இதைச் சொல்ல ஒரு வசனம் போதும். ஆனால் ஒரு வசனம் சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள். ஆகவே கனகசபை அண்ணையின் கதையைச் சொல்கிறேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் நீதிமன்றத்துக்குக் கிட்ட ஓர் அறையில் நான் தொழில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை, அச்சுவேலியில் லேத் பட்டறை வைத்திருந்த கனகசபை அண்ணை, ஒரு பழைய சாரத்தில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். அது எண்ணெய் கசிந்து என் பிரிவினை வழக்குக் கட்டு முழுவதையும் நனைத்தது.

"தங்கச்சி, இதுக்கொரு உறுதி முடிக்கவேணும்."

"முதல்லை இதை மேசையாலை தூக்குங்கோ அண்ணை. என்ன சாமான் இது?"

"புட்வால்வு. நான் செய்தது. இது மாதிரி ஒருத்தனும் செய்யேல்லை."

புட்வால்வு என்னவென்று தெரியாத பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கிணற்றுக்குள் இறக்குகிற பம்புக் குழாயின் அடியில் மாட்டுகிற வால்வு அது. பம்பை நிறுத்தினதும் அதற்குள் இருக்கிற தட்டு மூடி, குழாயில் ஏறின தண்ணீரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். எங்கள் சுண்ணாம்புக் கிணறுகளில் அது பிடிக்காது. மணல் ஒன்று தட்டுக்கடியில் சிக்கினால் இரவோடிரவாகத் தண்ணீர் இறங்கிவிடும். விடிய எழும்பி, வாளியால் அள்ளிக் குழாய்க்குள் ஊற்றி, பம்பை இழுத்து, இடுப்பு நாரி பிடித்து, அதற்குப் பிறகுதான் இறைப்பு. கனகசபை அண்ணை செய்த வால்வில் தட்டு மேலெழும்போது சற்றுச் சுழலும். சுழன்று மூடும்போது மணலைத் துடைத்துத் தள்ளிவிடும். இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவுக்காக வலிகாமத்துத் தோட்டக்காரன் காலில் விழுவான்.

எத்தனை கிணற்றில் இதைப் பூட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தன் ஊரில் அரைவாசிக் கிணறுகளில் பூட்டியாயிற்றாம். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் வைத்துக் கழற்றிக் காட்டி விளக்கமும் கொடுத்தாராம்! உலகத்துக்கெல்லாம் காட்டின பிறகு அது புதிய கண்டுபிடிப்பில்லை. அப்போதிருந்த சட்டம், கண்டுபிடித்தவர் தானாகவே வெளிவிட்டதற்கு ஒரு வருடம் பொறுத்தது. கணக்குப் பார்த்தால் அந்த வருடம் முடியக் கொஞ்ச நாள்தான் கிடந்தது. இந்தப் பொறுமையை நம்பித் தொழில் செய்யாதீர்கள். பல நாடுகளில் அது கிடையாது. கட்சிக்காரர் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஆருக்குக் காட்டினனீங்கள்?" என்பதுதான். சுகம் விசாரிப்பது பிறகு.

அடுத்த தலையிடி வரைபடம். ஊரெல்லாம் கழற்றிக் காட்டின மனுசன், எனக்குக் கொண்டுவந்த படத்தில் தட்டின் அடிப்பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார்.

"தட்டு என்னண்டு சுழலுது அண்ணை? படத்திலை ஒண்டும் இல்லையே."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அடியிலை சரிவா இறகு வெட்டியிருக்கிறன். திருவிழாவிலை மேலாலைதான் காட்டினனான். அதைப் போய்க் கடதாசியிலை எழுதினால் கொழும்பிலை பாத்துச் செய்து போடுவாங்கள், தங்கச்சி."

"அண்ணை, அந்த இறகை எழுதத்தானே நீங்கள் இஞ்சை வந்தனீங்கள்!"

"உது நல்ல கதை. களவு போகாமல் இருக்கக் களவெடுக்கிறவனுக்கு வழி சொல்லிக் குடுக்கிறதோ?"

இதைச் சாதாரண ஆளுக்கு விளங்கப்படுத்துவது எவ்வளவு பாடு என்று போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள். ஆக்கவுரிமை அரசாங்கத்தோடு செய்கிற ஒரு பேரம். நீ உன் இரகசியத்தை முழுதாகச் சொல்கிறாய், அதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட காலத்துக்கு வேறு ஆரும் அதைச் செய்ய விடாமல் அரசு உனக்குக் கம்பு கொடுக்கிறது. முக்கியமானதை மறைத்தால் கம்பும் இல்லை. மூன்று முறை வந்து, மூன்று முறை சண்டை பிடித்து, நான்காம் முறை இறகையும் படத்தில் கீறிக்கொண்டு வந்தார். கீறினதோடு நில்லாமல், "மூண்டு இறகு, ஒவ்வொண்டும் அரை அங்குலம்" என்று எழுதவும் சொன்னார்.

நான் அப்படியே எழுதி என் சீனியரிடம் காட்டினேன். அவர் அதிகம் கதைக்கிற ஆளில்லை. கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருதரம் பார்த்தார். "மூண்டு எண்டு எழுதினால் நாளைக்கு ஒருத்தன் நாலு வெட்டுவான். அளவை எழுதாதை, வேலையை எழுது" என்றார். உரிமைக் கோரிக்கை எழுதுவது பற்றி நான் படித்த புத்தகங்கள் எல்லாவற்றையும் விட அந்த ஒரு பேச்சு பெரிது. தண்ணீர் ஏறும் விசையால் தட்டைச் சுழலவைக்கும் சரிந்த பகுதி என்று மாற்றி எழுதினேன். கொழும்புக்குக் கொண்டுபோய், வருடம் முடியுமுன் விண்ணப்பம் போட்டேன். இரண்டு வருடம் அலைந்து, சண்டைக்கும் ஊரடங்குக்கும் நடுவே, ஆக்கவுரிமை கிடைத்தது. கனகசபை அண்ணை சான்றிதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இந்த இடத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இன்று நல்ல மனநிலையில் இருந்திருப்பேன்.

அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளுக்குக் குடியிருந்த வீட்டையும் வளவையும் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டு அவரும் மனைவியும் இளையவளும் இருந்தார்கள். இளையவள் வதனிக்கு நீர்வேலியில் ஒரு சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை சிறி, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, தங்கமான பெடியன். தகப்பன் சின்னத்துரையர் பெரிய வாழைத் தோட்டக்காரர். பொம்பிளைக்கு வீடு கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். வீடில்லாமல் போய் மாமியார் வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு ஊர் என்னென்ன சொல்லும் என்று உங்களுக்கும் தெரியும். கனகசபை அண்ணையிடம் வீடில்லை. வால்வுதான் இருந்தது. "இதை எழுதித் தாறன், இதாலை வாற வருமானத்திலை பிள்ளை தனக்கொரு வீடு கட்டட்டும்" என்றார். சின்னத்துரையர் ஒரு வால்வை வாங்கித் தன் தோட்டக் கிணற்றில் பூட்டிப் பார்த்தார். விடிய ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாமல் பம்பு இழுத்தது. சம்பந்தம் முற்றாகியது.

சீதன உறுதியை முடித்தது நீர்வேலிப் பக்கத்தில் உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஒருவர். கலியாணத்துக்குப் பிறகுதான் அதன் பிரதி என் கைக்கு வந்தது. வாசித்தேன். எழும்பி யன்னலைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, திரும்பவும் வாசித்தேன். அந்த மனுசன் வாழ்நாளில் எழுதின அத்தனை காணி உறுதிகளையும் பார்த்து இதையும் எழுதியிருந்தார். நாலு திசைக்கும் எல்லை கேட்டிருக்கிறார். எல்லை இல்லையென்றதும் அதை மட்டும் மனமில்லாமல் விட்டுவிட்டு, கடைசியில், "மேற்படி வால்வின் ஆக்கவுரிமையும், அதற்குரிய கிணற்றுப் பங்கும், வழி வாய்க்கால் பாவனை உரித்தும்" என்று போட்டு முடித்திருந்தார்.

"என்ன கோதாரி இது அண்ணை?" என்று கனகசபை அண்ணையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வால்வு கிணத்துக்குள்ளை கிடக்கிற சாமான்தான். அதுக்காக அதுக்குக் கிணத்திலை பங்கு வருமோ?"

"இருந்திட்டுப் போகட்டுமன், தங்கச்சி. கூட எழுதினால் குறையப்போகுதே?"

குறையத்தான் போனது. எழுத்தில் கைமாற்றிக் கொடுத்தது சரி, வதனிதான் இனி உரிமையாளர். ஆனால் கொழும்புப் பதிவேட்டில் அவள் பெயர் ஏறும்வரைக்கும் வெளியாருக்கு அது செல்லாது. பதியச் சொல்லி இரண்டு வீட்டுக்கும் சொல்லி அனுப்பினேன். காணிப் பதிவுக் கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள்! விஸ்தீரணம் எவ்வளவு என்று கேட்டு அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு சின்னத்துரையர் உறுதிக்குச் சந்தனப்பொட்டு வைத்து இரும்பு அலுமாரிக்குள் பூட்டினார். முடிந்தது.

ஆண்டுக் கட்டணம் கட்டுகிற தவணை வந்தது. கலியாணம் வரைக்கும் கனகசபை அண்ணை கட்டினார், இந்த முறை ஒருவரும் கட்டவில்லை. தண்டத்தோடு கட்டுவதற்கு ஆறு மாத அவகாசம் ஓடத் தொடங்கியது. அதே நேரம் பார்த்து, கொழும்பில் தண்ணீர்ப் பம்பு விற்கிற கொம்பனி ஒன்று எனக்கு எழுதியது. நாடு முழுவதற்கும் இந்த வால்வைத் தாங்கள் செய்து விற்க அனுமதி வேண்டும், விற்கிற ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்குப் பங்கு தருகிறோம் என்றார்கள். இரண்டே நிபந்தனை. பதிவேட்டில் உரிமையாளர் பெயர் இருக்க வேண்டும், ஆக்கவுரிமை உயிரோடு இருக்க வேண்டும். வதனியின் வீடு இதோ வாசலில் வந்து நிற்கிறது என்று எனக்குச் சந்தோசமென்றால் சொல்ல முடியாத சந்தோசம். எல்லாரையும் உடனே வரச் சொன்னேன். தொண்ணூறாம் ஆண்டு வைகாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிறு நான் கொழும்புக்குப் புறப்படுவதாக இருந்தது.

மூன்று பேர் வந்தார்கள். சம்பந்திகள் இருவரும் என் மேசைக்கு முன்னால். வதனி பின்னால் சுவரோரக் கதிரையில். சிறிக்கு லீவு கிடைக்கவில்லை.

"ஆர் கட்டணம் கட்டுறது?" என்று கேட்டேன்.

கனகசபை அண்ணை நிலத்தைப் பார்த்தார். "நான் குடுத்திட்டன், தங்கச்சி. குடுத்த சீதனத்துக்கு நானே வரி கட்டினால், இன்னும் தன்ரை கையிலை வைச்சிருக்கிறான் எண்டு சனம் சொல்லும். சம்பந்திக்குத்தான் மரியாதைக் குறைவு."

சின்னத்துரையர் தொண்டையைச் செருமினார். "நான் கட்டலாம், பிள்ளை. எனக்கென்ன, காசில்லையே? ஆனால் மருமோளின்ரை சீதனத்திலை மாமன் கை வைச்சான் எண்டு பேர் வரும். அவர் தந்தது ஓட்டையோடை தந்தது எண்டு நான் சொன்ன மாதிரியும் போகும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கனிவாகத் தலையாட்டிக்கொண்டார்கள். எவ்வளவு பண்பான மனுசர்! கட்டணம் ஒரு நல்ல சேலையின் விலை வராது. மரியாதை பார்த்தே ஒரு சொத்தைச் சாகடிக்கிறதுக்கு எங்கள் ஆட்களை விட்டால் ஆளில்லை.

"ஐயா, அண்ணை, ரெண்டு பேரும் கேளுங்கோ" என்றேன். "சீதனம் தகப்பன்ரையும் இல்லை, மாமன்ரையும் இல்லை. தேசவழமைச் சட்டத்திலை அது பொம்பிளையின்ரை சொத்து. உரிமையாளர் அந்தா பின்னாலை இருக்கிறா. வதனி, நீர் சொல்லும்."

வதனி மடியில் இருந்த கைப்பையைத் திறந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த காசு அவளிடம் இருந்தது.

"பிள்ளை, பையை மூடு" என்றார் சின்னத்துரையர், அதட்டாமல், அன்பாகத்தான். "வெள்ளிக்கிழமை. வீட்டுப் பொம்பிளையின்ரை கையாலை காசு வெளியிலை போறேல்லை. இது வீடு கட்டப்போற காரியம் வேறை. நாளைக்கு நான் கொண்டுவந்து குடுக்கிறன்."

"மாமா சொல்லுறதைக் கேள், பிள்ளை" என்றார் கனகசபை அண்ணை.

எனக்குப் பொறுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை எண்டால் கொழும்பிலை தவணை நிண்டு பாத்துக்கொண்டிருக்குமோ? சரி, நான் என்ரை காசைப் போடுறன். பிறகு தாங்கோ."

"என்ன கதை கதைக்கிறியள்!" இந்த ஒரு விஷயத்தில் இருவர் குரலும் ஒன்றாக வந்தது. "நாங்கள் கடன் வாங்கிச் சீதனம் காக்கிற ஆக்களே?"

நான் அவர்களை விட்டுவிட்டு வதனியைப் பார்த்தேன். "நீர்தான் என்ரை கட்சிக்காரர். நீர் ஓம் எண்டால் நான் கட்டுவன். இவை ரெண்டு பேரும் எழும்பிப் போய்க் கத்தட்டும்."

அவள் தகப்பனைப் பார்த்தாள். மாமனைப் பார்த்தாள். கலியாணம் முடித்து அதிக காலம் ஆகாத பிள்ளை, அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். "வேண்டாம் அக்கா. நாளைக்கு மாமா தருவார்தானே" என்று சொல்லிப் பையை மூடினாள்.

அடுத்த நாள் ஒருவரும் வரவில்லை. கனகசபை அண்ணை தன் பங்குக்கு அரைவாசியாவது கொடுப்போமென்று காசை எடுத்துவைத்துக்கொண்டு, சம்பந்தி முதலில் கொடுக்கட்டும், தான் முந்தினால் அவரைச் சிறுமைப்படுத்தின மாதிரி இருக்கும் என்று வீட்டில் இருந்திருக்கிறார். சின்னத்துரையர் என் அறைக்கு ஆளனுப்பி, "சம்பந்தி குடுத்தவரோ?" என்று விசாரித்திருக்கிறார். இல்லை என்றதும், அவர் யோசிக்கிறார் போல, நான் அவசரப்பட்டால் பிழை என்று அவரும் இருந்துவிட்டார். ஞாயிறு நான் அவர்களுடைய காசும் இல்லாமல், பதிவுக்கு வேண்டிய உறுதியும் இல்லாமல் கொழும்புக்குப் போனேன். உறுதி அலுமாரிக்குள்.

நீங்களே கட்டியிருக்கலாமே அக்கா என்று கேட்பீர்கள். உரிமையாளர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொன்னதை முகவர் செய்யக்கூடாது. என் சீனியர் அப்படித்தான் சொல்வார், நானும் உங்களுக்கு அப்படித்தான் சொல்வேன். அவகாசம் முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. ஆனி நடுவில் திரும்பவும் கொழும்புப் பயணம் இருந்தது. அதற்குள் இரண்டு கிழடுகளையும் காதில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்பதுதான் என் கணக்கு. நியாயமான கணக்கு. வேறு நாட்டில் பலித்திருக்கும்.

ஆனி மாதம் பிறக்கிற நேரம் சண்டை தொடங்கியது. பாதை மூடியது. பஸ் இல்லை, ரயில் இல்லை, ரெலிபோன் இல்லை, தபால் இல்லை. கரண்ட் போனது போனதுதான். அந்த வாரம் புதன்கிழமை சின்னத்துரையர் சால்வை போட்டுக்கொண்டு, உறுதியையும் காசையும் வெற்றிலையில் வைத்து என் அறைக்குக் கொண்டுவந்தார். நல்ல நாளாம். மேலே ஹெலிகொப்டர் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அவரைப் பார்த்து என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

பிறகு வந்த காலத்தைப் பற்றி உங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். மண்ணெண்ணெய் வைரம் விலை. பம்பு இறைப்பதே அருமை, அதில் தண்ணீர் ஊற்றி இழுத்து இழுத்து மண்ணெண்ணெயை வீணாக்க ஒருவனும் தயாரில்லை. தெற்கிலிருந்து இரும்பு, பித்தளைச் சாமான் ஒன்றும் வராது. அப்போதுதான் சுழல்கிற தட்டு வைத்த வால்வுக்கு வந்தது மவுசு. குடாநாட்டில் லேத் வைத்திருந்தவன் எல்லாம் பழைய பித்தளையை உருக்கி அதைச் செய்தான். மூன்று இறகு, நாலு இறகு, ஒருவன் ஆறு இறகும் வைத்தான். என் கோரிக்கை அத்தனையையும் பிடித்திருக்கும். உயிரோடு இருந்திருந்தால்!

ஒரு நாள் நீர்வேலியில் ஒரு மரணசாசனத்துக்குச் சாட்சி வைக்கப் போனவள், சின்னத்துரையரின் தோட்டத்தடியால் வந்தேன். கிணற்றுக்கட்டில் புத்தம் புதிதாய் ஒரு வால்வு கிடந்தது. ஆறு இறகு.

"ஐயா, இது எங்கை வாங்கினது?"

"சந்தையிலை, பிள்ளை. பழையது தேஞ்சு போச்சு. இவன் மலிவாத் தாறான்."

"உங்கடை மருமோளின்ரை சீதனத்தைக் களவாச் செய்யிறவனிட்டை, நீங்களே காசு குடுத்து வாங்கினனீங்களோ?"

"அப்ப சம்பந்தியிட்டை போய்க் கேக்கிறதே? பொம்பிளை எடுத்த வீட்டோடை யாவாரம் கதைக்கிறது வடிவில்லை."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வதனி அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். கையில் குழந்தை. இன்னும் மாமியார் வீட்டு அடுப்படிதான்.

தொண்ணூற்றிரண்டில், கப்பலில் வந்த தபாலில் எனக்கு இரண்டு கடிதங்கள் கிடைத்தன. ஒன்று, கட்டணம் செலுத்தாததால் ஆக்கவுரிமை காலாவதியாகிவிட்டது என்ற அறிவித்தல். மற்றது கொம்பனியிடமிருந்து. இனி அனுமதி தேவைப்படாததால் பேச்சை நிறுத்திக்கொள்வதாகவும் எனக்கு நன்றியென்றும் எழுதியிருந்தார்கள். அவர்களில் ஒரு பிழையும் இல்லை. செத்த ஆக்கவுரிமை எல்லாருக்கும் பொது. எழுதிக்கொடுத்த இரகசியம் எழுதிக்கொடுத்ததுதான், அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது.

ஆகவே, தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, மூன்று விஷயம் கேளுங்கள். ஆருக்குக் காட்டினனீங்கள், உரிமையாளர் ஆர், அடுத்த வருடக் கட்டணத்தை எந்தக் கை கட்டப்போகிறது. மூன்றாவதற்கு "நாங்கள் பாத்துக்கொள்ளுவம்" என்று பதில் வந்தால் அது பதிலில்லை. ஒரு ஆளின் பெயர் வேண்டும். அறைக்குள் சத்தம் கூடின ஆளை உரிமையாளர் என்று நினைக்காதீர்கள். உரிமையாளரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், தகப்பனும் மாமனும் வெளியே பத்திரிகை வாசிக்கட்டும். இதைவிட எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது.

அந்த இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு நான் அச்சுவேலிக்குச் சைக்கிளில் போனேன். மனுசனுக்கு இதை ஆரோ ஒருவர் வாயால் கேட்கக்கூடாது, நானே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கனகசபை அண்ணை பட்டறை வாசலில் குந்தியிருந்து ஒரு சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். மெலிந்துபோயிருந்தார். லேத் சாக்கால் மூடியிருந்தது. கரண்ட் இல்லாததால்தான் என்று நினைத்தேன். மற்றப் பட்டறைக்காரர்கள் சைக்கிள் மிதித்து லேத் சுற்றுகிறார்கள் என்பது அந்த நேரத்தில் என் மூளையில் ஏறவில்லை.

கடிதங்களை வாசித்துக் காட்டினேன். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ஆக்கவுரிமை இல்லை. கொம்பனி இல்லை. வீடு இல்லை. அழுவார் என்று நினைத்தேன். சம்பந்தியைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ரியூப்பைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்தார்.

"தங்கச்சி, அப்ப இனி அதை ஆரும் செய்யலாம், என்ன?"

"ஓமண்ணை. ஆரும் செய்யலாம். கேக்க ஆளில்லை."

"நானும் செய்யலாமோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்னண்ணை சொல்லுறியள்? ஊரெல்லாம் செய்யுது. நீங்கள் இவ்வளவு காலமும் செய்யேல்லையோ?"

"என்னண்டு செய்யிறது, தங்கச்சி? குடுத்த சாமான். பிள்ளையின்ரை சீதனத்திலை கை வைச்சு நான் சீவிக்கிறதே? அவளுக்குத் தாலி கட்டின நாள் தொடக்கம் ஒரு வால்வும் வார்க்கேல்லை. வந்து கேட்டவையை எல்லாம் வேறை பட்டறைக்குப் போகச் சொன்னனான்."

ஒரு வரி. வதனியிடமிருந்து ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் போதும். அப்பா செய்யட்டும் என்று ஒரு துண்டு. உலகத்திலேயே இலகுவான அனுமதிப் பத்திரம். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் கேட்கவில்லை. கேட்பது அவருக்கு மரியாதையில்லை. நான் வாயைத் திறந்தேன். அன்றைக்கு மட்டும் எனக்குக் கத்த வரவில்லை.

"செய்யலாமண்ணை" என்றேன். "தாராளமாச் செய்யலாம்."

"வடிவாத் தெரியுமோ? பிள்ளைக்கு ஒரு பிசகும் வராதே?"

"வராது."

"அப்ப பிள்ளைக்கொரு வீட்டைக் கட்டிப்போடலாம்" என்று சொல்லிக்கொண்டு அவர் எழும்பினார். முழங்காலைப் பிடித்துப் பிடித்துப் பட்டறைக்குள் போனார். சாக்கை இழுத்து எறியும் சத்தம் கேட்டது. பிறகு பின்பக்கம் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்சரும்! அந்த வால்வு அச்சை எங்கை தூக்கி வைச்சனீர்?"